மின்சாரத்தைத் துண்டித்த மின்னஞ்சல்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி, பிற்பகல் நேரம். மேற்கு உக்ரேனில் இவானோ-பிராங்கிவ்ஸ்க் வட்டாரத்துக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஊழியர்கள் வேலையை முடித்துப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தனர். அப்போது ஒருவரின் கணினித் திரையில் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது. அது துணை மின்நிலையம் ஒன்றின் விசையைத் தேடிச் சென்று அதை நிறுத்தியது. ஊழியர் ‘மவுஸை’ப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பயனில்லை. சற்று நேரத்தில் கணினி அவரையே வெளியேற்றியது. மறுபடியும் உள்ளே நுழைய முயன்றார். கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது.

அன்று மூன்று மின்விநியோக நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. சுமார் 225,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றுபோனது. புகார் செய்யத் தொலைபேசியை எடுத்தவர்களுக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. போலி அழைப்புகளைக் குவித்து அந்த வழியையும் தாக்குதல்காரர்கள் அடைத்துவிட்டனர். மின்தடை வந்தால் கைகொடுக்க வேண்டிய மாற்று மின்சார ஏற்பாட்டையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களும் இருளில் மாட்டிக்கொண்டனர்.

இணையத் தாக்குதலால் ஒரு நாட்டின் மின்விநியோகம் துண்டிக்கப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட முதல் சம்பவம் இதுதான். கணினித் தாக்குதல் என்றால் வங்கிக் கணக்கில் பணம் திருடுவது, அகப்பக்கத்தை முடக்குவது என்று எண்ணியிருந்த உலகத்துக்கு, குழாயில் வரும் தண்ணீரும் விளக்கில் எரியும் மின்சாரமும் தாக்கப்படலாம் என்பதை இது உணர்த்தியது.

கதவைத் திறந்தது யார்?

இவ்வளவு பெரிய தாக்குதல் எப்படித் தொடங்கியது? ஒரு மின்னஞ்சலில் இருந்து. பல மாதங்களுக்கு முன்பே மின்நிறுவன அலுவலர்களுக்குச் சாதாரண அலுவலகக் கடிதம்போல் ஓர் இணைப்பு அனுப்பப்பட்டிருந்தது. அதைத் திறந்து, திரையில் கேட்ட அனுமதியைக் கொடுத்ததும் ‘பிளேக் எனர்ஜி’ என்னும் நச்சுநிரல் கணினிக்குள் குடியேறியது.

அலுவலகக் கணினிகளும் மின்விசைகளை இயக்கும் கணினிகளும் வெவ்வேறு வலையமைப்புகளில்தான் இருந்தன. இடையில் பாதுகாப்புச் சுவரும் இருந்தது. ஆனால், வெளியிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களுக்காக அந்தச் சுவரில் ஒரு வாசல் வைக்கப்பட்டிருந்தது. அதைக் கடக்கக் கடவுச்சொல் ஒன்றே போதும். தொலைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சோதனை எதுவும் இல்லை. தாக்குதல்காரர்கள் சுவரை இடிக்கவில்லை. திருடிய கடவுச்சொல்லோடு ஊழியர்களைப் போலவே அந்த வாசல் வழியாக நடந்து போனார்கள். மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து, எந்த விசை எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்ட பிறகே கைவைத்தார்கள்.

திரை சொல்வதெல்லாம் உண்மையா?

உக்ரேன் ஊழியர்கள் தாக்குதலைக் கண்ணால் பார்த்தார்கள். எல்லா இடங்களிலும் அப்படி அமைவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லந்து மாநிலத்தில் மரூச்சி வட்டாரத்தில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கழிவுநீர் இறைக்கும் பம்புகள் விசித்திரமாக நடந்துகொண்டன. ஓட வேண்டிய பம்பு நின்றது. அடிக்க வேண்டிய அபாய மணி அடிக்கவில்லை. புதிய அமைப்பில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் பொறியாளர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்த அமைப்பைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், நகராட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காத கோபத்தில், ஒரு மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் கொண்டு பம்புகளுக்குப் பொய்க் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தார். சுமார் 800,000 லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. நீர்வாழ் உயிரினங்கள் மடிந்தன. 2001ல் அவருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஈரானின் நட்டான்ஸ் அணுசக்தி நிலையத்தைத் தாக்கிய ‘ஸ்டக்ஸ்நெட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களின் வேகத்தை அது தாறுமாறாக மாற்றியது. அதே நேரத்தில், எல்லாம் சரியாக இருந்தபோது பதிவுசெய்து வைத்த அளவுகளைக் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பத் திரும்பக் காட்டியது. அங்கிருந்தவர்கள் பார்த்ததெல்லாம் பழைய காட்சி. 2010ல் இந்த நச்சுநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. ‘எங்கள் இயந்திரங்கள் இணையத்தோடு இணைக்கப்படவில்லை, அதனால் ஆபத்தில்லை’ என்று நம்பியவர்களுக்கு அது ஒரு பாடம். இணையம் நுழையாத இடத்துக்கு அதைக் கொண்டு சேர்க்க, சட்டைப்பையில் அடங்கும் ‘யுஎஸ்பி’ சேமிப்புக் கருவி போதும்.

இவ்விரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றே. திரையில் தெரிவதை நேரில் போய்ச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும்.

திருப்ப மறந்த சாவி

2017ல் சவூதி அரேபியாவின் பெட்ரோலிய இரசாயன ஆலை ஒன்றில் நடந்தது எல்லாவற்றையும்விட அச்சம் தருவது. இத்தகைய ஆலைகளில் அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் உடனே ஆலையை நிறுத்திவிடத் தனிப் பாதுகாப்பு அமைப்பு இருக்கும். ஊழியர்களின் உயிர் அதை நம்பியே இருக்கிறது. ‘டிரைட்டன்’ என்னும் நச்சுநிரல் குறிவைத்தது அந்த அமைப்பைத்தான். தாக்குதல்காரர்கள் செய்த ஒரு பிழையால் பாதுகாப்பு அமைப்பே ஆலையை நிறுத்திவிட்டது. அதனால்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

அந்தக் கருவியில் ஒரு சாவி இருக்கும். நிரலை மாற்றும் வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பி வைத்தால் வெளியிலிருந்து யாரும் நிரலை மாற்ற முடியாது. அந்த ஆலையில் சாவி திருப்பப்படாமலேயே விடப்பட்டிருந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டு வாங்கிய பாதுகாப்பு, ஒரு சாவியைத் திருப்பும் பழக்கத்தில் தங்கியிருந்தது.

பணம் கொடுத்தவரும் கொடுக்காதவரும்

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் குழாய் நிறுவனம் பிணைப்பணம் கேட்கும் கும்பலிடம் சிக்கியது. நாட்டின் கிழக்குக் கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய பாதி அந்த நிறுவனத்தின் 8,800 கிலோமீட்டர் குழாய் வழியாகவே செல்கிறது. கும்பல் நுழைந்தது பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய கணக்கின் வழியாக. அங்கும் கடவுச்சொல் மட்டுமே காவல். முடங்கியவை அலுவலகக் கணினிகள்தாம் என்றாலும், பாதிப்பு பரவிவிடுமோ என்ற அச்சத்தில் நிறுவனமே குழாயை மூடியது. பெட்ரோல் நிலையங்களில் வண்டிகள் வரிசை பிடித்தன. நிறுவனம் சுமார் 4.4 மில்லியன் அமெரிக்க டாலரைக் கொடுத்தது. அதில் ஒரு பகுதியை அமெரிக்கப் புலனாய்வுத் துறை பின்னர் மீட்டது.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2019 மார்ச்சில், நோர்வேயின் ‘நோர்ஸ்க் ஹைட்ரோ’ என்னும் அலுமினிய நிறுவனத்துக்கும் இதே நிலை வந்தது. 40 நாடுகளில் 35,000 ஊழியர்கள் கொண்ட நிறுவனம் அது. கணினிகள் பூட்டப்பட்டன. ஆனால் அந்நிறுவனம் பணம் கொடுக்க மறுத்தது. நடந்ததை மறைக்காமல் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னது. ஆலைகள் பலவற்றைக் கைமுறையாக இயக்கினார்கள். கணினி வருவதற்கு முன் காகிதத்தைக் கொண்டே வேலை பார்த்துப் பழகிய ஓய்வுபெற்ற ஊழியர்கள் திரும்பி வந்து உதவினார்கள். நட்டம் பெரிதுதான். ஆனாலும் நிறுவனம் யாருக்கும் தலைவணங்காமல் மீண்டது.

கை மறவாத வேலை

உக்ரேனில் மின்சாரம் எப்படித் திரும்பியது? ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் விளக்குகள் எரிந்துவிட்டன. கணினிகள் சரியானதால் அன்று; அவை பல வாரங்களுக்கு முழுமையாகச் சரியாகவில்லை. ஊழியர்கள் வண்டி ஏறித் துணை மின்நிலையங்களுக்குப் போய், விசைகளைக் கையால் போட்டார்கள். அந்த விசைகள் கையால் இயக்கக்கூடியவையாக இருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் வேலையில் இருந்தார்கள். இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் அந்தக் குளிர்கால இரவு எவ்வளவு நீண்டிருக்கும்?

இந்தக் கேள்வி எங்கோ இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரின் முக்கியக் கட்டமைப்பை ‘யுஎன்சி3886’ என்னும் ஊடுருவல் குழு தாக்கி வருவதாக 2025 ஜூலையில் அமைச்சர் கா. சண்முகம் பொதுமக்களுக்கு அறிவித்தார். முக்கியக் கட்டமைப்புகளைக் காக்க சிங்கப்பூர் 2018லும் மலேசியா 2024லும் இணையப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியுள்ளன. ஆனால் சட்டம் சாவியைத் திருப்பி வைக்காது. சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலைத் திறக்காமல் விடுவதும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவதும், இரண்டாவது சோதனையைச் சலிப்பில்லாமல் கடப்பதும் மனிதர் செய்ய வேண்டிய வேலைகள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கணினி வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு என்று அனுபவசாலிகளை அனுப்பிவிடும் முன், அவர்கள் கையில் உள்ள வேலையை இளையோருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கணினியை அணைத்துவிட்டு வேலை பார்க்கும் பயிற்சியும் வேண்டும். தீயணைப்புப் பயிற்சி நடத்தாத கட்டடம் உண்டா? தண்ணீரும் மின்சாரமும் தரும் இடங்களுக்கு இதுவும் அப்படியொரு பயிற்சியே.