முடக்கில் திருப்பும்போது வரும் "டக் டக்" சத்தம்

இப்போது எமது தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் கார், வேன் நிற்பது புதினமல்ல. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய காசில் வாங்கியது, லீசிங்கில் எடுத்தது, மூன்று நாலு பேர் கைமாறி வந்த பழைய மாருதி என்று பலவிதம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போவதும், ராத்திரியில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் இவைதான். இந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று: "நேரா போகும்போது ஒன்னுமில்ல ஐயா. முடக்குல ஸ்டியரிங்க ஒடிச்சா டக் டக்குனு கேக்குது."

சிலர் ரேடியோவைக் கூட்டிவிட்டு ஓடுகிறார்கள். சிலர் பயந்துபோய் கராஜில் சொல்லும் சாமான் எல்லாவற்றையும் மாற்றிக் காசை அழிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். சத்தம் எப்போது, எப்படி வருகிறது என்று கவனித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதலில் காசு செலவில்லாத காரியம். டயர் வெட்டுக்குள் கல் சிக்கியிருக்கிறதா, வீல் கப் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள். டயர் மாற்றிய பிறகு நட்டு சரியாக இறுகாமல் சத்தம் வருவது உண்டு. அப்படியே விட்டால் சக்கரமே கழன்றுவிடும்.

அதெல்லாம் சரி, ஆனால் எக்சிலேட்டரை மிதித்துத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று தொடர்ந்து கேட்கிறது, வேகம் கூடினால் சத்தமும் வேகமாக வருகிறது என்றால் அநேகமாக அது சீவி ஜொயின்ட். மாருதி 800, அல்டோ போன்ற சின்னக் கார்களில் எஞ்சின் முன்சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் சுழலவும் வேண்டும், இடம் வலம் திரும்பவும் வேண்டும், குழியில் ஏறி இறங்கவும் வேண்டும். நேரான இரும்புத் தண்டால் இது முடியாது. அதனால் எமது தோள் மூட்டு மாதிரி எந்தப் பக்கமும் மடங்கும் ஒரு மூட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் ஆறு இரும்புக் குண்டுகள் பள்ளங்களில் ஓடும். (பழைய மொரிஸ் மைனரில் இந்தச் சத்தத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது பின்சக்கரம் தள்ளும் கார். 1959இல் இங்கிலாந்தில் மினி கார் வந்த பிறகுதான் முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்கள் பரவலாகின.)

இந்த மூட்டைச் சுற்றி, ஆர்மோனியப் பெட்டியின் மடிப்பு மாதிரி ஒரு ரப்பர் உறை இருக்கும். பூட் என்பார்கள். உள்ளே கிரீஸ். தோட்டப் பாதையின் கல் பட்டோ, வயது போய் வெடித்தோ இந்த ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே சிதறும், சேறும் மணலும் உள்ளே போகும். பிறகு அம்மியில் மணல் போட்டு அரைத்த கதைதான். குண்டும் பள்ளமும் தேயும். தேய்ந்த பள்ளத்தில் குண்டு தட்டும்போதுதான் அந்த "டக்". எமது பாதைகளில் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. ஆள் நிரப்பிக்கொண்டு, ஏற்றத்தில், முழுதாக ஒடித்துத் திருப்பும்போதுதான் இந்த மூட்டு ஆகக் கூட மடங்குகிறது, ஆகக் கூடிய பாரத்தையும் இழுக்கிறது. றம்பொடைப் பக்கத்து முடக்குகளில் ஏறியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சோதிக்க, ஆள் நடமாட்டமில்லாத சமமான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். ஒருதரம் இடம், ஒருதரம் வலம். அநேகமாக வெளிவட்டத்தில் ஓடும் சக்கரத்தின் மூட்டுத்தான் கத்தும். ஆனாலும் காதை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்கு உட்புறம் எட்டிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து, சுற்றிலும் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமில்லை.

ரப்பர் கிழிந்து இன்னும் சத்தம் வரவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மூட்டைக் கழுவி, அதற்கென்றே உள்ள கறுப்புக் கிரீஸ் போட்டு, புது பூட் மாட்டினால் போதும். சத்தம் வந்த பிறகு கிரீஸ் அடைப்பதில் பயனில்லை, மூட்டையே மாற்ற வேண்டும். அதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் ஒருநாள் உடைந்து வண்டி இழுக்காமல் நின்றுவிடும். அப்போது கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, உருளும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்குக் கல்லும்தான் துணை.

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே "டொக்" என்று ஸ்பிரிங் தெறிப்பது போல் கேட்டால், முன் ஷொக் அப்சோபரின் மேல்பக்கத்து பெயாரிங் போயிருக்கலாம், ஸ்பிரிங் நுனி உடைந்தும் இருக்கலாம். இதை வீட்டில் கழற்ற வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளையே அடித்துவிடும்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. குழியில் இறங்கும்போதும் மெதுவாகத் திருப்பும்போதும் ஒரேயொரு "டொக்" மட்டும் கேட்கும், ஸ்டியரிங் கொஞ்சம் அலையும். இது போல் ஜொயின்டாகவோ டை ரொட் என்டாகவோ இருக்கலாம். சீவி ஜொயின்ட் பெரிதாகக் கத்தி, பல நாள் தவணை கொடுக்கும். போல் ஜொயின்ட் அப்படியல்ல. கழன்றால் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து ஸ்டியரிங் கேட்காது. இறக்கத்தில் பிள்ளைகளோடு போகும்போது அது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் பின்சக்கரத்தைச் சுற்றும் வேன்களில் முன்பக்கம் சீவி ஜொயின்ட் கிடையாது. ஆகவே அவற்றில் திருப்பும்போது முன்பக்கம் சத்தம் வந்தால் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சமதரையில் பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தை ஜெக்கில் தூக்கி, ஸ்டேண்டும் கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் போல் ஜொயின்ட் அல்லது வீல் பெயாரிங். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் அநேகமாக டை ரொட் பக்கம். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே ஹயரை நிறுத்துங்கள், ஒருநாள் வருமானம் போனாலும் பரவாயில்லை.

கராஜில் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எக்சல் நட்டை அந்த வண்டிக்குரிய அளவில் டோர்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். டை ரொட் மாற்றினால் வீல் எலைன்மன்ட் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் புது டயரும் ஒருபக்கம் தின்றுவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வண்டியில், ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொருதரம் நீங்களே இறுக்கிப் பாருங்கள்.