பத்தாயப் பூனைக்கு ஏற்ற உணவு

நெல்லும் பயறும் சேமித்து வைக்கும் வீடுகளில் எலித் தொல்லைக்குப் பூனை வளர்ப்பது வழக்கம். ஆனால் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் மீந்த சோறும் பாலும்தான். பட்டினி கிடந்தால்தான் பூனை எலி பிடிக்கும் என்று சிலர் கருதுகிறார்கள். இது தவறு. வேட்டை பூனையின் பிறவிக் குணம். பட்டினிப் பூனை தீனி தேடி ஊர் சுற்றுமேயன்றிப் பத்தாயத்தடியில் தங்காது.

நாய் சோறு தின்றும் வாழும். பூனையோ ஊனுண்ணி. 'டாரின்' என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. இச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. இது நெடுநாள் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975-லும், இதயத் தசை தளரும் என்பது 1987-லும் அமெரிக்க ஆராய்ச்சிகளில் தெரியவந்தன. போன பார்வை திரும்புவதில்லை. கண் தெரியாத பூனையால் பத்தாயத்துக்கு என்ன பயன்?

முழு எலியே பூனைக்கு இயற்கை உணவு. ஆனால் 3 முதல் 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 சுண்டெலிகள் வேண்டும். அத்தனை தினமும் அகப்படாது. குறையை நெத்திலி, மத்தி போன்ற மலிவான மீன், கோழியின் இதயம், இரைப்பை ஆகியவற்றால் ஈடுசெய்யலாம். ஈரல் வாரம் ஒரு முறை போதும். பச்சை மீனைத் தொடர்ந்து போட்டால் வைட்டமின் பி1 குறையும். வேகவைத்தே தர வேண்டும். டாரின் நீரில் கரையும் என்பதால் வெந்த நீரைக் கொட்டாமல், ஒரு பங்கு சோற்றுக்கு மூன்று பங்கு மீனோ இறைச்சியோ சேர்த்து அந்நீரிலேயே பிசைந்து வைக்கவும். கருவாடானால் ஊறவைத்து உப்பை நீக்க வேண்டும்.

வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு மீதி ஆகாது. இவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழி எலும்பும் கூடாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் கழிச்சலை உண்டாக்கும், தண்ணீரே நல்லது. கடையில் விற்கும் தீனி வாங்குவோர், உறையில் உள்ள 'இயற்கை' என்ற சொல்லை நம்பாமல், சேர்மானப் பட்டியலில் இறைச்சியோ மீனோ முதலில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பூனை உள்ள வீட்டில் ஜிங்க் பாஸ்பைடு, புரோமோடையலோன் போன்ற எலி மருந்துகளை வைக்கக் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகக்கூடும். தஞ்சாவூர் கிட்டி வைக்கலாம். அதில் விழுந்த எலியைப் பூனைக்கே போடலாம்.