லயத்துப் பிள்ளையின் வாயிலுள்ள ஆங்கிலம்

நாளைக்குப் பத்து ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, வெள்ளிக்கிழமையன்று ஒப்புவிக்கச் செய்யும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் மறையவில்லை. வெள்ளிக்கிழமை சரியாக எழுதிய சொல் திங்கட்கிழமை பிள்ளையிடம் இருப்பதில்லை. பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை. தான் கண்டும் கேட்டும் அறியாத பொருளின் பெயர் மனத்தில் எப்படித் தங்கும்? 2018ஆம் ஆண்டு தொடங்கி அயல்நாட்டில் எழுதப்பட்ட ஆங்கிலப் பாடநூல் தொடக்கப்பள்ளிக்கு வந்தது. நூல் நல்ல நூலே. ஆயினும் அதிலுள்ள வீடும் தெருவும் நம் பிள்ளையின் வீடும் தெருவும் அல்ல.

இதன் விளைவை நாம் பார்ப்பதில்லை. இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள்தாம் பார்க்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடித்து ஜாசினிலோ அலோர் காஜாவிலோ படிவம் ஒன்றில் சேரும் மாணவன், ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்விக்கு வாய் திறவாமல் நிற்கிறான். அந்த வாய் அடுத்த ஐந்தாண்டும் திறவாமற் போவதுண்டு.

அவன் வாயில் ஆங்கிலமே இல்லை என்று நாம் எண்ணுவதுதான் முதற்பிழை. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியைக் கேளுங்கள்; விடியற்காலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிட்டதைப் 'பெரட்டு' என்பார். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல் பால்மரக் காட்டில் எடுத்த வடிவம் அது. வரிசையாகக் கட்டிய வீடுகள் 'லயம்' ஆனது 'லைன்' என்பதிலிருந்து. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் 'டிரசர்'. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டமையால் இச்சொற்கள் தாத்தா பாட்டியரோடு நின்றுவிட்டன. ஆதலின் முதல் விளையாட்டு சொல் வேட்டை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவரிடமிருந்து ஒரு தோட்டத்துச் சொல்லைப் பிடித்து வரவேண்டும். அதன் ஆங்கில மூலம் எதுவென வகுப்பு ஊகிக்கும். பிடித்தவர் அதைக் கரும்பலகையில் எழுத்துக்கூட்டி எழுதி, ஒரு வாக்கியமும் சொல்லவேண்டும்.

ஒருமுறை ஒரு சிறுமி லயத்துக்கு நேரே சிங்கத்தின் ஆங்கிலப் பெயரை எழுதி வந்துவிட்டாள். வகுப்பு சிரித்து ஓய்ந்தபின் 'லைன்', 'லயன்' என்ற இரண்டின் ஒலியையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவ்விரண்டையும் அவ்வகுப்பில் யாரும் மாற்றி எழுதவில்லை.

வேட்டையில் கிடைப்பதெல்லாம் ஆங்கிலம் அன்று. 'மண்டோர்' போர்த்துக்கீசியம். 1511இல் மலாக்காவைப் பிடித்து 1641 வரை ஆண்டவர்களின் மொழியில் 'மண்டதோர்' என்றால் ஏவுகிறவர். மலாய் வழியாக அது நமக்கு வந்தது. ஆனால் இதை எறிந்துவிட வேண்டாம். இதன் இலத்தீன் வேரிலிருந்தே ஆங்கிலத்தின் 'கமாண்ட்', 'டிமாண்ட்', 'மாண்டேட்' ஆகிய சொற்களும் முளைத்தன. பலகையின் நடுவில் மண்டோரை நிறுத்திக் கிளைகளை வரையச் சொல்லுங்கள். நாம் அன்றாடம் எடுக்கும் 'சாவி'யும் அவ்வாறே போர்த்துக்கீசியரிடம் பெற்றது. தோளருகே உள்ள காறையெலும்பை ஆங்கில மருத்துவர் 'கிளாவிக்கிள்' என்பது 'சிறு சாவி' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால்தான். இது மேல்வகுப்புக்கு உரியது, சிறுவர்க்கு வேண்டாம்.

அடுத்த களஞ்சியம் மலாய்மொழி. நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் செல்வம். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இவ்வசதி இல்லை. ஜாசினிலிருந்து மலாக்கா சென்ட்ரல் வரை பேருந்தில் வரும் பிள்ளை இருபுறமும் பார்க்கும் விளம்பரப் பலகைகளில் பாதி ஆங்கிலம் மலாய் உடுப்பில் நிற்கிறது: கிளினிக், தெக்சி, கவுண்டர், ரெஸ்தோரன். மலாயில் 'ஆசி' என்று முடிவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஏஷன்' ஆகும்: ஓபராசி ஆபரேஷன், ஜெனராசி ஜெனரேஷன், கொமுனிகாசி கம்யூனிகேஷன். 'குவாலிட்டி', 'கொமுனிட்டி' போன்றவற்றில் ஈற்றிலுள்ள 'ஐ' எழுத்துக்கு ஈடாக 'ஒய்' எழுத்து வரும். இவ்விதியைச் சொன்னவுடன் ஒரு பையன் மருந்துக் கடையாகிய 'ஃபார்மாசி'யை 'ஃபார்மேஷன்' ஆக்கினான்! விதி மீறும் சொல்லைக் கண்டுபிடித்தால் இரண்டு புள்ளி என்று அறிவித்தேன். மறுநாளே 'டெமொக்ராசி' வந்து சேர்ந்தது. 'டயர்' போன்றவற்றில் மலாய் எழுத்துக்கூட்டலையே ஆங்கிலத்திலும் எழுதிவிடும் அபாயம் உண்டு. ஆகவே இரண்டையும் எதிரெதிரே எழுதுவித்தல் நலம்.

கொடுத்தது ஆங்கிலம் மட்டும்தானா என்று ஒரு நாள் கேட்டுவிடுங்கள். சுருட்டு அங்கே 'செரூட்', கட்டுமரம் 'கேட்டமரான்', மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்னும் சூப். நாம் கித்தா என்பது மலாயின் 'கெத்தா'. அதே சொல்தான் ஆங்கிலத்தில் 'குட்டா பெர்ச்சா' என்னும் மரப்பிசினின் பெயரில் இருக்கிறது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அப்பிசினையே உறையாக்கினர். ரோத்தான் 'ரேட்டன்' ஆயிற்று. பெரிய ஆங்கில அகராதியில் 'மலாக்கா' என்று தேடினால் நம் ஊரோடு ஒரு கைப்பிரம்பும் அகப்படும்! பிரம்புக்கு அஞ்சிய பையன்களே அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள்.

மழைநாளில் அந்தாதி ஆடலாம். ஒரு சொல்லின் இறுதி எழுத்தில் அடுத்த சொல் தொடங்கவேண்டும். ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் முடியும் சொற்கள் ஏராளமாதலால் ஆட்டம் விரைவில் முட்டிக்கொள்ளும். ஒலியாத 'ஈ'யைத் தள்ளி அதற்கு முந்திய எழுத்தைக் கொள்ளலாம் என விதி செய்யுங்கள். எந்த 'ஈ' ஒலிக்கிறது, எது ஒலிக்கவில்லை என்பதைப் பிள்ளைகளே வாதாடி முடிவு செய்வார்கள்.

வெள்ளிக்கிழமைத் தேர்வை நிறுத்த வேண்டுவதில்லை. அவ்வாரம் பிள்ளைகள் பிடித்துவந்த சொற்களிலிருந்தே கேளுங்கள். பத்து வேண்டாம், ஆறு போதும்.