தரையிலிருந்து தொடங்குங்கள்

சிறிதினும் சிறிது – 9

ஸாக்கு என்று ஓர் இயந்திரம் உலகத்தில் கிடையாது. பதினேழரை மீட்டர் உயரம், பச்சை உடம்பு, ஒற்றைக் கண், முகத்திலும் இடுப்பிலும் வெளியே தெரிகிற குழாய்கள். 1979 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பித்த ‘மொபைல் சூட் கன்டம்’ அனிமே தொடரில், எதிரிப் படைக்காக குனியோ ஓகவரா வரைந்த உருவம் அது. ஆனால் இடிந்த சுவரையும், பிளந்து கிடக்கும் தார் ரோட்டையும், மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தையும் பார்க்காதவர் யாருமில்லை. ரோபோ எப்படியிருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். அது சரியா தப்பா என்று சொல்ல யாரிடமும் அளவுகோல் இல்லை. தரை தப்பாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே, முதல்முறையாக ஓர் அறிவியல் புனைவுப் போர்க்காட்சியைச் சிறு மாடலாகச் செய்ய உட்காருகிறவர் ரோபோவுக்குச் செலவழிப்பதைப்போல இரண்டு மடங்கு நேரத்தை மண்ணுக்கு ஒதுக்க வேண்டும். இந்த வாரச் சங்கதி மொத்தமும் இதுதான்.

சென்ற வாரம் பான்டாய் நிறுவனத்தின் ஸாக்கு கிட்டை நிப்பரால் வெட்டி, பசை இல்லாமல் கோத்து முடித்தோம். இப்போது மேஜைமேல் ஒரு ஸாக்கு நிற்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம். அடுத்ததாக மனம் என்ன கேட்கும் என்று தெரியும்: இன்னும் மூன்று ஸாக்கு, எதிரே தொடரின் நாயக ரோபோவான வெள்ளை கன்டம், எல்லார் கையிலும் துப்பாக்கி, எல்லாத் துப்பாக்கியிலும் நெருப்பு. வேண்டாம். அது கொலு. கொலுவில் களிமண் யானைக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் கிரிக்கெட் வீரர் நிற்கலாம், கடுகு முளைத்த புல்வெளியில் செட்டியார் பொம்மை கடை போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு காட்சியைச் சிறிய அளவில் அமைக்கும் டயோரமாவில் கேட்பார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

நம் அளவு 1/144. அதாவது ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு அடி. கால்குலேட்டரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலையில் பிரஷ்ஷைவிட அதிகம் உதவும். ஆள் பன்னிரண்டு மில்லிமீட்டர். கதவு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாடிக்கு மாடி இரண்டு சென்டிமீட்டர். செங்கல்லின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டும், அவ்வளவுதான். முப்பதுக்கு இருபது சென்டிமீட்டர் பலகையை எடுத்தால் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய ஐந்தரை கிரவுண்டு நிலம். அதில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை வைத்தாலும் ஸாக்கு அதற்கு மேலே தலையை நீட்டும். நாலு ரோபோவுக்கு அங்கே இடமில்லை.

இந்த அளவுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. தொலைக்காட்சித் தொடர் 1980 ஜனவரியில் முடிந்துபோன பிறகு, அதே ஆண்டு ஜூலையில்தான் பான்டாய் முதல் கன்டம் கிட்டை வெளியிட்டது. 1/144, விலை 300 யென். இன்றைய கிட் மாதிரி பல வண்ணப் பிளாஸ்டிக் எல்லாம் இல்லை, பசை போட்டு ஒட்ட வேண்டும், மூட்டுகளின் அசைவும் குறைவு. அதை அறுத்து, மூட்டைத் திருத்தி, ராணுவ டாங்கி மாடல்களுக்குச் செய்வதைப்போலச் சேறும் கீறலும் பூசிக் காட்டியவர்கள் ஸ்ட்ரீம்பேஸ் என்ற இளைஞர் கூட்டத்தினர். ‘ஹாபி ஜப்பான்’ இதழ் அந்த வேலைகளைத் தொகுத்து 1981-ல் ஒரு புத்தகமே போட்டது. பொம்மைக் கடைச் சரக்கு போர் இயந்திரமாக மாறியது இப்படித்தான். அதே இதழில் 1982-ல் கோ யோகோயாமா தொடங்கிய ‘எஸ்.எஃப்.3டி’ தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. மிஞ்சிப்போன டாங்கி, விமானப் பாகங்களைக் கொண்டு அவர் கட்டிய கவச உடைகளின் புகைப்படங்களைப் பார்த்தால், ஏதோ பழைய யுத்தத்தின் ஆவணப் படங்கள் என்றே தோன்றும்.

சரி, நம் காட்சி. ‘எம்.எஸ். இக்லூ 2’ என்று 2008-ல் வெளிவரத் தொடங்கிய மூன்று பகுதி கன்டம் தொடரின் முதல் கதையில், ஸாக்குகளை எதிர்த்து நிற்பது இன்னொரு ரோபோ அல்ல, ஏவுகணை தூக்கிய காலாட்படை. முதல் டயோரமாவுக்கு இதைவிட நல்ல யோசனை கிடைக்காது. ஒரு ஸாக்கு, ஒரு முனைக் கட்டடம், இடிபாட்டுக்குப் பின்னால் நாலைந்து சிப்பாய்கள். ஸாக்குவின் ஒரு முழங்கால் சேதப்பட்டிருக்கிறது, அது கட்டடத்தில் கை ஊன்றி நிற்கிறது. சிப்பாய்களை அது இன்னும் பார்க்கவில்லை. சுட்ட கணத்தைக் காட்டாதீர்கள். சுடப்போகும் கணத்தைக் காட்டுங்கள். பார்க்கிறவர் மீதியைத் தானே சுட்டுக்கொள்வார்.

பலகையில் முதலில் பென்சிலால் சாலையைக் கோடு போடுங்கள். பலகையின் விளிம்புக்கு இணையாக வேண்டாம், சாய்வாகப் போகட்டும். விளிம்புக்கு இணையாக எதையும் வைக்காதே என்பது அமெரிக்க மாடல் கலைஞர் ஷெப்பர்ட் பெய்ன் காலத்திலிருந்து சொல்லப்படும் பாடம். டயோரமா செய்வது பற்றி 1980-ல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் இந்தத் துறையில் பாலபாடம். சாய்ந்த சாலை, பலகைக்கு வெளியேயும் ஊர் இருக்கிறது என்று நினைக்க வைக்கும். மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். ஸாக்கு பார்க்கும் திசை அந்தப் பக்கமாக இருக்கட்டும்.

இனி தரை. தெர்மாகோல் துண்டைப் பலகையில் ஒட்டி, மேலே ஃபெவிகாலை ஒரு கோட் பூசிக் காயவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். அதன்மேல் சுவர்ப்பட்டி, அதாவது பெயின்ட் கடையில் கிடைக்கும் வால் புட்டி, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு. பாதி காய்ந்திருக்கும்போது ஸாக்குவின் பாதத்தில் துளி எண்ணெய் தடவி, அழுத்தி எடுங்கள். இந்த ஒரு அழுத்தலில்தான் பாதிக் காட்சி இருக்கிறது.

ஏனென்று சொல்கிறேன். கதைப்படி ஸாக்குவின் வெற்று எடை 58 டன். ஆவடியில் முதலில் செய்யப்பட்ட அர்ஜுன் டாங்கியின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். டாங்கிக்கு எடையைப் பரப்பித் தாங்க நீண்ட சங்கிலிப் பட்டைகள் உண்டு, ஸாக்குவுக்கோ இரண்டே பாதம். அது நடந்தால் தார் ரோடு சும்மா இருக்குமா? பாதம் உள்ளே இறங்க வேண்டும், சுற்றிலும் ரோடு தட்டுத் தட்டாக மேலெழ வேண்டும், விரிசல்கள் அங்கிருந்து கிளம்ப வேண்டும். தரைமேல் சும்மா வைத்த ரோபோவுக்கு எடை இல்லை. தரைக்குள் இறங்கிய ரோபோவுக்கு 58 டன். புட்டி முழுக்கக் காய்ந்த பிறகு விரிசல்களை பிளேடு முனையால் கீறலாம், ஆனால் மென்மையாக: ஒரு மில்லிமீட்டர் கீறல் நிஜத்தில் பதினான்கு சென்டிமீட்டர் பிளவு. பாதத்துக்கு அடியில் துளையிட்டுக் கம்பியைச் செருகிப் பலகையில் இறக்கிவிட்டால் ஸாக்கு எந்த நாளும் சாயாது.

ரோட்டுக்கு முழுக் கறுப்பு அடிக்காதீர்கள். பழைய தார் சாம்பல் நிறம், சக்கரம் ஓடும் தடத்தில் கொஞ்சம் கறுப்பு. சின்ன அளவில் எந்த நிறமும் நிஜத்தைவிட அடர்த்தியாகத் தெரியும் என்பதால் ஒவ்வொன்றிலும் சிறிது வெள்ளை கலந்துவிடுங்கள்.

இடிபாடு செய்வது எனக்கு மிகப் பிடித்த வேலை. அதே புட்டியைப் பாலிதீன் தாள்மேல் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தடவிக் காயவைத்துக் கையால் உடைத்தால் அசல் கான்கிரீட் தளம். பழைய இயர்போன் வயரைப் பிரித்தால் வரும் மயிரிழைக் கம்பிகளை உடைந்த விளிம்பில் செருகினால், முறுக்கேறிய கட்டுக்கம்பி. உடைக்கும்போது உதிர்ந்த தூளை டீ வடிகட்டியில் சலித்து, பெருமணல், பொடிமணல், தூசி என்று பிரித்து வையுங்கள். பெரியது சுவரடியில், தூசி எங்கும். இடிபாடு சுவரைவிட்டுத் தள்ளித் தள்ளிச் சிதறாது, சுவரடியில் சரிவாகக் குவியும். எல்லாம் அமைந்த பிறகு ஃபெவிகாலில் பங்குக்குப் பங்கு தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவமும் கலந்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே ஊறிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு சொட்டு இல்லையென்றால் பசை முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

பனிப்பிரதேசம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ (1980) படத்தில் ஹோத் என்ற பனிக்கிரகத்தில் நடக்கும் சண்டையை நினைத்துப் பாருங்கள். நடிகர்களை நார்வேயில் ஃபின்ஸே பனிவெளியில் எடுத்தார்கள். நாலு கால் இயந்திரங்களை பில் டிப்பெட்டும் குழுவினரும் ஸ்டூடியோவில் சட்டகம் சட்டகமாக நகர்த்தினார்கள். அந்த மேஜைமேல் கொட்டிய பனியில் பெரும்பகுதி சமையல் சோடா. சினிமாவுக்கு அது போதும், படப்பிடிப்பு முடிந்ததும் பெருக்கித் தள்ளிவிடலாம். அலமாரியில் வருடக்கணக்கில் இருக்கப்போகும் மாடலில் சோடா ஈரம் குடித்துக் கட்டிதட்டும், பழுப்பேறும். மாடல் கடைகளில் கிடைக்கும் பனித்தூளையே வாங்குங்கள்.

இப்போது ஸாக்குவிடம் திரும்பலாம். ஸ்பாஞ்சுத் துண்டைக் கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, மிச்சமிருப்பதை மட்டும் விளிம்புகளில் தட்டுங்கள். உதிர்ந்த பெயின்ட் திட்டுகள் வரும். இங்கேயும் கால்குலேட்டர்: உளுந்தளவு திட்டு நிஜத்தில் அரை மீட்டருக்குக் கிட்டே வந்துவிடும். இன்னொன்று, கதை தெரிந்தவர்கள் கவனிப்பது. ஸாக்குவின் கவசம் எஃகு, துரு காட்டலாம். கன்டத்தின் கவசம் லூனா டைட்டானியம், அதில் துரு வடிந்தால் ரசிகர்கள் சிரிப்பார்கள். கடைசியில் மேட் வார்னிஷ். பிளாஸ்டிக் பளபளப்பு போனால்தான் பொம்மைத்தனம் போகும். ஸ்ப்ரே அடிக்கும்போதும் புட்டியைத் தேய்க்கும்போதும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, தரையில் தூவிய அதே தூசி நிறத்தில் ஒரு பேஸ்டல் சாக்கைப் பொடி செய்து ஸாக்குவின் கணுக்கால் வரை தேய்த்துவிடுங்கள். முழங்காலில் கொஞ்சம், ஊன்றிய கையில் நிறைய. சிப்பாய்களின் பூட்ஸிலும் அதே தூசி. ரோபோவும் ஊரும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று கண் நம்புவது அந்தப் பொடியால்தான்.

சிப்பாய்களுக்கு அலைய வேண்டாம். ஜப்பானிய ‘என்’ அளவு ரயில் மாடல்கள் பெரும்பாலும் 1/150, நம் அளவுக்கு அடுத்த வீடு. அந்த ரயில்களுக்காக விற்கும் பொம்மைகளும் கட்டடங்களும் இங்கே தாராளமாகப் பொருந்தும். பயணி பொம்மைக்குக் காக்கி அடித்து, கையில் ஒரு கம்பித் துண்டை ஒட்டினால் ஏவுகணைக்காரர். பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆளுக்கு முகமே தேவையில்லை, நிற்கும் விதம்தான் பேசும். எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க வைக்காதீர்கள். ஒருவராவது ஓடிவிடலாமா என்று பின்னால் பார்க்கட்டும்.

பஞ்சுப் புகை, ஆரஞ்சுப் பஞ்சு நெருப்பு, கம்பியில் தொங்கும் ஏவுகணை ஆகியவற்றைப் பற்றிப் பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். என் கருத்து: முதல் டயோரமாவில் மூன்றும் வேண்டாம். பஞ்சு எந்த வண்ணத்திலும் பஞ்சாகவே இருக்கும்.

கட்டடத்தைப் பற்றியும், உள்ளே ஒரு எல்.இ.டி. விளக்கை ஒளித்து வைப்பது பற்றியும் அடுத்த வாரம். அதற்குள், எதையும் வாங்குவதற்கு முன், ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ குழாய்க்காகத் தோண்டிப் போட்ட ரோடு கட்டாயம் இருக்கும். போய், குனிந்து, பக்கவாட்டிலிருந்து பத்துப் படம் எடுத்து வாருங்கள். தாருக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே செம்மண், ஒவ்வொன்றும் என்ன கனம், என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸாக்குவின் காலடியில் பிளக்கப்போவது அந்த ரோடுதான்.