சுவிட்சைத் தொடாதேம்மா!

போன ஆடியில் ஒருநாள் விடியற்காலை. பால் காய்ச்ச அடுப்படிக்குள் நுழைந்தால் குப்பென்று காஸ் வாடை. பதறிப்போய் லைட்டைப் போடக் கையை நீட்டினேன். கும்மிடிப்பூண்டியில் இரவு வேலை முடித்து அப்போதுதான் ஆர்.கே.பேட்டை வந்து சேர்ந்திருந்த பெரிய மகன், "சுவிட்சைத் தொடாதேம்மா!" என்று போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடினான். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினான். கூடத்து விளக்கை அணைக்கப் போன என் வீட்டுக்காரரையும் விடவில்லை. "அணைச்சாலும் பொறி வரும்ப்பா!"

அவனுக்குத் தின்னர் கலக்கும் தொழிற்சாலையில் வேலை. அங்கே விளக்கு, சுவிட்சு எல்லாம் கனத்த உலோகக் கூட்டுக்குள் இருக்குமாம். உள்ளே தீப்பற்றினாலும், மூடியின் மயிரிழை இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் சூடு தணிந்துவிடும். 'ஃப்ளேம்ப்ரூஃப்' என்கிறார்கள். சின்னக் கருவிகள் வேறு வகை. பொறி வந்தாலும் பற்றவைக்கத் தெம்பில்லாத அளவுக்குத்தான் அவற்றில் மின்சாரம் ஓடும். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இத்தனூண்டு பொறிக்கா இவ்வளவு என்று கேட்டேன். 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டார்களாம். மணியடிக்கும் மின்கம்பியில் வந்த பொறியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அதன்பின் நடந்த ஆராய்ச்சியில்தான் இந்தத் தெம்பில்லாத மின்சார யோசனையே வளர்ந்தது.

மின்சாரமே இல்லாமலும் பொறி வரும். சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானதை மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தைக் கையாளும் இடத்தில் இரும்புக்குப் பதில் பித்தளை, மரக் கருவிகள்தான் வேண்டும். நைலான் உடையும் ஆகாது, உரசினால் மின்சாரம் பிறக்கும். பருத்திதான் உடுத்த வேண்டும். நெசவு ஊர்க்காரியான எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்!

நம் அடுப்படி சுவிட்சுக்கு அந்தக் கூடெல்லாம் ஏது? சமையல் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறோமே, அதைப்போல் ஆபத்து வேறில்லை. போனைக்கூடத் தெருவுக்கு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். 1906 என்ற எண்ணை அழைத்தால் காஸ் கசிவுக்கு உதவி கிடைக்கும்.

கடைசியில் பார்த்தால், அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாயில் வெடிப்பு. 'அப்புறம் மாற்றலாம்' என்று நான் டேப் சுற்றி வைத்திருந்த அதே இடம். மகன் ஒன்றும் சொல்லவில்லை, டேப்பைப் பிரித்து என் கையில் கொடுத்தான். புதுக்குழாய் மாட்டிப் பால் காய்ச்சும்போது மணி பத்தாகிவிட்டது.