முதற்கல்லும் நல்ல நேரமும்

வீடோ பள்ளிவாசலோ எழுப்ப விழைவோர், கடைக்கால் தோண்டுமுன் நல்ல நேரம் விசாரிப்பதை நாம் காண்கிறோம். ஆலிமை அழைத்து ஃபாத்திஹா ஓதித் துஆச் செய்வோருள்ளும் சிலர், நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்த பின்னரே அழைக்கின்றனர். அண்டை அயலாரிடமிருந்து தொற்றிய பழக்கம் இது என்று எளிதில் கூறிவிடுகிறோம். முஸ்லிம் அரசர்களின் வரலாறோ வேறு விதமாக இருக்கிறது.

ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) அப்பாஸியக் கலீஃபா அல்மன்சூர் பக்தாதை நிறுவியபோது, தொடக்க நாளைக் குறித்தவர்கள் பாரசீகரான நவ்பக்த், யூதரான மாஷா அல்லாஹ் முதலிய சோதிடர்களே. அந்நாளின் கோள் நிலையைப் பின்னாளில் அல்பிரூனியும் தம் நூலில் பதிந்து வைத்தார். வட்ட நகரின் எல்லைகள் முதலில் சாம்பலால் வரையப்பட்டன. அக்கோடுகளின்மீது நில எண்ணெய் தோய்த்த பருத்திக் கொட்டைகளைப் பரப்பித் தீயிடச் செய்து, எழப்போகும் நகரின் உருவைக் கலீஃபா கண்ணாரக் கண்டாராம். பின்னர் அல்லாஹ்வின் திருப்பெயர் கூறி, பூமி அவனுக்கே உரியது என மொழிந்து, முதற் செங்கல்லைத் தம் கையாலேயே வைத்தார். சோதிடர் குறித்த நேரத்தில் இறைநாமம்! இவ்விரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை போலும். நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்த இமாம் அபூஹனீஃபாவிடம் இந்நகரின் செங்கற்களை எண்ணும் பணி ஒப்படைக்கப்பட்டதாகத் தபரீயில் ஒரு செய்தி உண்டு.

கெய்ரோவின் கதை இதனினும் சுவையானது. கி.பி. 969இல் ஃபாத்திமியத் தளபதி ஜவ்ஹர், எல்லை நெடுகிலும் மணிகள் கோத்த கயிறுகளைக் கட்டுவித்தார். சோதிடர் சைகை காட்டியதும் மணியொலி கேட்டு அனைவரும் ஒருசேர மண்வெட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குள் ஒரு காகம் கயிற்றில் அமர, மணிகள் ஒலிக்க, வேலை தொடங்கிவிட்டது. அவ்வேளையில் உதித்தது அல்காஹிர் எனப்படும் செவ்வாய். ஆகவே நகரம் அல்காஹிரா ஆயிற்று என்பர். ஆனால் 956இலேயே மறைந்த மஸ்ஊதீ, இதே காகத்தையும் மணியையும் அலெக்சாந்திரியா நகரின் தொடக்கத்துக்குச் சொல்லியிருக்கிறார். கெய்ரோவுக்கு முதலில் வழங்கிய பெயரும் அல்மன்சூரிய்யா என்பதே. காகம் ஊர்விட்டு ஊர் பறந்திருக்கிறது!

இவற்றுக்கெல்லாம் முந்தியது, கி.பி. 622இல் மதீனாவில் எழுந்த மஸ்ஜிதுந் நபவீ. அதன் தொடக்கம் பற்றிய ஹதீஸ்களில் நாம் காண்பது நேரத்தைப் பற்றிய பேச்சன்று; நிலத்தின் உரிமையைப் பற்றிய பேச்சு. ஒட்டகம் மண்டியிட்ட அவ்விடம், ஸஹ்ல், ஸுஹைல் என்னும் அநாதைச் சிறுவர் இருவருக்குச் சொந்தமான, பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். இலவசமாகவே தருகிறோம் என்று அவர்கள் கூறியும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றுக்கொண்டார்கள். அதன் பிறகே கட்டுமானம் தொடங்கியது. தோழர்களுடன் தாமும் செங்கல் சுமந்தார்கள்.