ஒரே அணியில் ஏழு பேர்

கபடிக்கு ஏழு பேர் வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியில் அந்த ஏழு பேரின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஊரை எழுதுங்கள். ஊருக்குப் பக்கத்தில் தெருவை எழுதுங்கள். ஏழும் ஒரே தெருவில் போய் முடிந்தால், அந்தப் பள்ளியின் காலை வழிபாட்டில் எத்தனை உறுதிமொழி எடுத்தாலும் பிரயோசனம் கம்மிதான்.

மாணவர் ஒற்றுமை என்று பேச்செடுத்தால் எல்லோரும் சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கயிற்றிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 2015ல் நெல்லை மாவட்ட நிர்வாகம் அதற்குத் தடை போட்டது. 2019ல் மாநிலம் முழுக்கச் சுற்றறிக்கை போனது, அது ஒரு சத்தத்தைக் கிளப்பி அடங்கியும் போனது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் கயிறு பற்றிய தகராறில் பிளஸ் டூ மாணவர் ஒருவரின் உயிரே போனது. 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு தேடிப் போய் வெட்டினார்கள். அதையெல்லாம் இங்கே திரும்ப விவரிக்கத் தேவையில்லை, தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கயிற்றை அறுத்தால் நெற்றியில் பொட்டு வருகிறது. பொட்டை அழிக்கச் சொன்னால் வெள்ளைச் சட்டைக்குள் கலர் பனியன் தெரிகிறது. அதையும் மாற்றச் சொன்னால் சைக்கிள் மட்கார்டில் ஸ்டிக்கர். இந்த விஷயத்தில் பதினைந்து வயசுப் பையனுக்கு இருக்கிற கற்பனை வளம் சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்குக் கிடையாது. ‘நீ யார் பக்கம்?’ என்று அவனைச் சுற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கயிறு அவன் சொல்கிற பதில். அவனுக்கு வேறொரு பக்கத்தை நாம் கொடுத்தால்தான் பதில் மாறும். அதனால்தான் கபடிப் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறேன்.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர் ஒருவர் நடத்திய கிரிக்கெட் ஆராய்ச்சி 2021ல் வெளியானது. பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை எடுத்துக்கொண்டார். சிலரை ஒரு மாத கிரிக்கெட் லீகில் சேர்த்தார், சிலரைச் சேர்க்கவில்லை. லீகில் சில அணிகள் ஒரே சாதிக்காரர்கள், சில அணிகள் கலப்பு. யார் எந்த அணி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கலப்பு அணியில் ஆடியவர்களுக்கு மற்ற சாதிகளில் நண்பர்கள் கூடினார்கள். கிரிக்கெட் பரிசுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது தன் சாதிக்காரனுக்கே ஓட்டுப் போடும் புத்தியும் குறைந்தது. ஆனால் இன்னொரு சாதிக்காரனை எதிரணியில் மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சில விஷயங்களில் விலகல் கூடியதாகவே அந்த ஆய்வு சொல்கிறது.

இதை நம்மூர் நல்லிணக்கப் போட்டிகளோடு வைத்துப் பாருங்கள். ஊருக்கு ஒரு அணி, தெருவுக்கு ஒரு அணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் ஜெர்சி, நுழைவில் ஆளுயர ஃபிளெக்ஸ், அதில் வரிசையாக ஊர்ப் பெரியவர்கள். மைக்கில் ‘விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும்’ என்கிறார்கள். களத்தில் இறங்குவதோ இந்தத் தெருவும் அந்தத் தெருவும். யார் ஜெயித்தாலும் ஒரு தெரு தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பரீட்சை எழுதப் போன பிளஸ் ஒன் மாணவனை ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. ஒரு கபடிப் போட்டியின் தோல்விதான் அதற்குப் பின்னால் இருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. கபடி என்ன செய்யும், பாவம். அணியைப் பிரித்த கையைத்தான் கேட்க வேண்டும்.

அதே கபடியைக் கலந்து ஆட வைத்தால் கதை வேறு. ரெய்டர் உள்ளே வரும்போது பிடிக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துத்தான் நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் கையை விட்டால் பாயிண்ட் போய்விடும். யார் கையைப் பிடிக்கிறோம் என்று யோசிக்க அங்கே நேரமில்லை. முறையாக நடத்துகிற மேட்சில் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், செயின், வளையம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. சுற்றறிக்கையால் கழலாத கயிறு ரெஃப்ரியின் விசிலுக்குக் கழலும். காயம் படும் என்பதால் கழற்றுகிறான், யாரும் தன்னை மட்டம் தட்டியதாக நினைப்பதில்லை.

வகுப்பறையிலும் இதே சூத்திரம் ஓடும். 1971ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் பள்ளிகளைக் கலந்தபோது வெள்ளை, கறுப்பு, ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் முதல் தடவையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். சில வாரங்களில் நடைகூடங்களில் அடிதடி. உளவியல் பேராசிரியர் ஒருவரை அழைத்தார்கள். அவர் அறிவுரைக் கூட்டம் எதுவும் போடவில்லை. பாடத்தை ஆறு துண்டாக்கினார், கலப்பாக ஆறு பேரை ஒரு குழுவாக உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டு. மற்ற ஐந்தையும் மற்றவர் வாயிலிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பரீட்சையில் ஆறும் வரும். ஒரு குழுவில் இங்கிலீஷில் திணறுகிற பையன் ஒருவன் இருந்தான். முதலில் அவனைக் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தால் அவன் வாயை மூடிக்கொள்வான், அவனிடம் இருக்கும் துண்டு பரீட்சையில் வரும் என்று புரிந்த பிறகு பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனைப் பேச வைக்கக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குள் பிடித்தம் கூடியது, பின்தங்கியிருந்த பிள்ளைகளின் மார்க்கும் ஏறியது. ‘ஜிக்சா வகுப்பறை’ என்று இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் 600 பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. நெல்லைச் சீமையில் அகர வரிசைக்கு ஒரு வசதி உண்டு: இசக்கிமுத்துவும் மாரியப்பனும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். வரிசைப்படி உட்கார்ந்தால் பெஞ்ச் தன்னால் கலந்துவிடும். ஆனால் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் முழுக்கப் பேசாமலே இருக்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவன் தனக்குத் தேவைப்பட வேண்டும். கெமிஸ்ட்ரி லேபில் உப்பைக் கண்டுபிடிக்கிற வேலையை இரண்டு தெருப் பையன்களுக்குச் சேர்த்துக் கொடுத்தால் அந்தத் தேவை வந்துவிடும். ரிக்கார்ட் நோட்டுக்காவது சாயங்காலம் தேடிப் போவான்.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களுக்கு ஐந்து குழுக்கள். நல்ல ஏற்பாடு, பெயரும் அழகு. ஆசிரியர் விருப்பு வெறுப்பு நுழையாமல் குலுக்கிப் பிரித்து, அந்தக் குழுவே கபடி அணியாகவும் லேப் குழுவாகவும் தோட்ட வேலைக்குழுவாகவும் வருஷம் முழுக்க இருந்தால், ‘நீ யார் பக்கம்?’ என்ற கேள்விக்கு ‘நான் முல்லை’ என்று ஒருவன் சொல்லக்கூடும். நோட்டீஸ் போர்டில் ஐந்து கலர் சார்ட் ஒட்டி மாதம் ஒருமுறை மார்க் போடுவதோடு நின்றால் அதுவும் இன்னொரு பதிவேடுதான்.

சாப்பாடு பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். நூறு வருஷம் முன்னால் நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவியில் ஒரு குருகுலத்தில் சில பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. இன்று காலை உணவும் மதிய உணவும் ஒரே வரிசையில் நடக்கிறது. ஒன்றாம் வகுப்பில் ஒரு தட்டில் கை போட்டவர்கள்தான் ஒன்பதாம் வகுப்பில் பிரிகிறார்கள்.

கலந்து உட்கார வைத்தால் சண்டை கூடத்தான் செய்யும், போலீஸ் ரோந்தும் கண்டிப்பும்தான் மருந்து என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்டிப்பு வேண்டியதுதான், மறுக்கவில்லை.

எனக்கு இருக்கிற கவலை வேறு. அது பஸ். அதற்கு வருமுன் இன்னொரு ஆய்வு.

போரில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஈராக் கிறிஸ்தவர்களை முஸ்லிம்களோடு கலந்து கால்பந்து ஆட வைத்த ஓர் ஆய்வு 2020ல் வெளியானது. ஆறு மாதம் கழித்தும் அவர்கள் சேர்ந்து பயிற்சிக்குப் போனார்கள். விருதுக்கு ஆள் தேர்வு செய்யும்போது மற்ற மதத்துக்காரருக்கும் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் மைதானத்தைத் தாண்டி, முஸ்லிம்கள் அதிகம் வாழும் மோசூலில் ஒரு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது போன்ற விஷயங்களில் பெரிய மாற்றம் இல்லை. களத்துக்குள் வந்த சிநேகம் வெளிவாசலிலேயே நின்றுவிட்டது.

நம்மூரில் வெளிவாசலுக்கு அடுத்தது பஸ் ஸ்டாப். பள்ளி நாலு, நாலேகாலுக்கு விடுகிறது. அதற்குப் பிறகு வரும் நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்த டவுன் பஸ் இருட்டின பிறகுதான் என்கிற ஊர்கள் எத்தனையோ உண்டு. இலவச பஸ் பாஸ் வைத்திருக்கும் அத்தனை பிள்ளைகளும் அந்த ஒரே பஸ்ஸில் ஏறியாக வேண்டும். ஊர் ஸ்டாப் ஒன்று, காலனி ஸ்டாப் ஒன்று. எங்கே இறங்குகிறான் என்பதை வைத்தே அவன் யார் என்று பஸ் முழுக்கத் தெரியும், கயிறே வேண்டாம். பின்படிக்கட்டு ஒரு கோஷ்டிக்கு, கடைசி ஸீட் ஒரு கோஷ்டிக்கு. யாரோ ஒருவன் போனில் தன் சாதிப் பெருமைப் பாட்டை ஸ்பீக்கரில் போடுவான். பதிலுக்கு இன்னொரு போன். கண்டக்டர் ஒற்றை ஆள், நாளைக்கும் இதே ரோட்டில் வர வேண்டியவர். அவர் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் தப்பு சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான ஆள் ஒருவர் அந்த பஸ்ஸில் இருக்கிறார்: தெரு அண்ணன். படிப்பை நிறுத்தி ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். வேலை ஒன்றும் அமையவில்லை, ஆனால் தெருவில் மரியாதை உண்டு. முல்லைக் குழுவில் இரண்டு மணிக்குக் கைகோத்து நின்ற சேக்காளியை நாலரை மணிக்கு பஸ்ஸில் பார்த்தும் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொள்கிற பையன் கெட்டவன் இல்லை. அண்ணன் பார்க்கிறார், அவ்வளவுதான். நம் ஒற்றுமைத் திட்டம் எதிலும் இந்த அண்ணனுக்கு இடமே இல்லை. நாங்குநேரிப் பையன் பட்ட தொந்தரவு பள்ளியில் நடந்தது, புகாரைப் பள்ளியில்தான் எழுதிக் கொடுத்தான், அரிவாள் வீடு தேடி வந்தது இரவில். ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸில். பள்ளி வளாகத்துக்குள் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோம், 14417 என்ற உதவி எண்ணைச் சுவரில் எழுதியிருக்கிறோம். பஸ்ஸில் நடப்பதை எந்தப் பெட்டியில் போடுவது?

பஸ் இன்னொரு காரியமும் செய்கிறது, யாரும் கவனிப்பதில்லை. கபடிப் பயிற்சி சாயங்காலம் பள்ளி விட்ட பிறகுதான் நடக்கும். நாலரை பஸ்ஸை விட்டால் காலனிப் பையனுக்கு வீட்டுக்குப் போக வழியில்லை. இருட்டில் பக்கத்து ஊர்த் தெரு வழியாக நடந்து போக அவன் அம்மா சம்மதிக்க மாட்டாள், அந்த அம்மாவுக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவே பயிற்சிக்கு நிற்பது மைதானத்துக்கு நடை தூரத்தில் வீடு இருக்கிற பையன்கள் மட்டும். அவர்கள் எல்லோரும் ஒரே தெரு. பி.டி. வாத்தியார் நியாயமாகத்தான் தேர்வு செய்கிறார், தினம் வருகிறவனைத்தான் எடுக்க முடியும். பட்டியல் ஒரு தெருவாக முடிவதற்கு யாரும் சதி செய்யவில்லை, பஸ் டைம்டேபிள் செய்துவிடுகிறது.

ஆகவே செலவில்லாத வேலை முதலில்: பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதை நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் அந்தப் பீரியட் டைம்டேபிளில் இருக்கிறது, மைதானத்தில் இருப்பதில்லை. பயிற்சி பள்ளி நேரத்துக்குள் நடந்தால் தூரத்து ஊர்ப் பிள்ளைகளும் அணிக்குள் வருவார்கள். அடுத்து, தினமும் ஒரு ஆசிரியர் முறை வைத்துப் பிள்ளைகளோடு நாலரை பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போய் வரலாம். சார் பஸ்ஸில் இருந்தால் ஸ்பீக்கர் தன்னால் அணையும். தெரு அண்ணன்களில் கபடி நன்றாக ஆடுகிற இரண்டு பேரை, வேறு வேறு தெருவாகப் பார்த்து, ஜூனியர் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க மைதானத்துக்கே கூப்பிடலாம். அவர்களுக்கும் சாயங்காலத்துக்கு ஒரு ஜோலி ஆகும், பஸ்ஸில் முறைத்துக்கொண்டு நிற்கிற ஆள் குறையும். இதற்குத் தலைமையாசிரியர் துணிய வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லாத் தெருப் பெற்றோரும் சேர்ந்து பொறுப்பெடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் கோ-கோ அணிக்கும் இதே கணக்குதான், அவர்களுக்கு இருட்டு இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

கடைசியாக ஆறு மணிக்கு ஒரு டிரிப். மெயின் ரோட்டோடு திரும்பிவிடாமல் காலனிக்குள் போய் வருகிற டிரிப். மனுவில் எத்தனை பிள்ளைகள், எந்தெந்த ஸ்டாப், என்னென்ன கிழமை பயிற்சி என்று தெளிவாக எழுதி, எல்லா ஊர்ப் பெற்றோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, பள்ளி சீலோடு டெப்போவில் கொடுக்க வேண்டும். ஜூனில் கொடுத்தால் மாவட்டப் போட்டிகளுக்கு முன் பஸ் ஓட ஆரம்பித்துவிடலாம்.